மொட்டை மாடியில் இருபது மீட்டர் தண்டவாளம்

நாற்பத்தெட்டாவது வயதில் ரயில் செய்ய ஆரம்பித்தேன். இதைச் சொன்னதும் கேட்பவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். ஐந்து வருடமாக அந்தச் சிரிப்பைப் பார்த்துவருகிறேன். பழகிவிடும் என்று நினைத்தேன், பழகவில்லை. இன்றும் பார்த்தால் எரிச்சல் கிளம்புகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடைசல் போடும் லேத்திலிருந்து வரும் ஒவ்வொன்றையும் அளந்து, சரியென்றால் பச்சை அட்டை, தவறென்றால் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். அப்போதே அந்த வேலையில் இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. நுண்ணளவு எடுக்கும் வெர்னியர் என் கையில் இருந்த நேரம், கரண்டி இருந்த நேரத்தைவிட அதிகம். திருமுல்லைவாயிலில் மின்சார ரயிலில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்குவேன். இரண்டே நிறுத்தம். ஆனால் ஒரு நாளில் எனக்கென்று கிடைக்கும் நேரம் அந்த இரண்டு நிறுத்தம்தான்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு வீடியோ வந்தது. எந்த நாடோ தெரியவில்லை. ஒருவர் தன் தோட்டத்தில், செடிகளுக்கு நடுவே, மழையில் ஒரு ரயில் விட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் விரல் அளவு ரயில் இல்லை. ஒவ்வொரு பெட்டியும் முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது. வளைவில் திரும்பும்போது அதற்கு எடை இருந்தது. நிஜ ரயில் போலவே கொஞ்சம் தயங்கித் திரும்பியது. சோற்றில் கை காய்ந்துபோகும் வரை அதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அந்த வகை ரயிலின் தண்டவாளத்துக்கு இடையே நாற்பத்தைந்து மில்லிமீட்டர் இருக்கும் என்று தேடித் தெரிந்துகொண்டேன். நம் அகலப் பாதையை நாற்பத்தைந்து மில்லிமீட்டருக்குச் சுருக்கினால் ஏறத்தாழ முப்பத்தேழில் ஒரு பங்கு வருகிறது. அந்தக் கணக்கில் நான் தினமும் ஏறும் பெட்டி ஐம்பத்தாறு சென்டிமீட்டர். வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்துத் தரையில் அளந்து, இரண்டு முனையிலும் தீக்குச்சி வைத்து, எதிரே உட்கார்ந்தேன். என் கணவர் பார்த்துவிட்டு, என்ன தொலைந்துவிட்டது என்று கேட்டார்.

அந்த வாரமே நகரத்தில் ஒரு பெரிய பொம்மைக் கடைக்குப் போனேன். விற்பனையாளர் கேட்ட முதல் கேள்வி, "பையனுக்கா மேடம், பேரனுக்கா?" எனக்கு என்றேன். அவர் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கினார்கள், சரியாக அடக்கவும் தெரியவில்லை. வெளிநாட்டு எஞ்சின் ஒன்றின் விலை என் இரண்டு மாதச் சம்பளம். தண்டவாளம் அதற்கு மேல் தனி. எஞ்சின் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். விலையைப் பார்த்து வந்த கோபம் ஒன்று, அந்தச் சிரிப்பைப் பார்த்து வந்தது ஒன்று. இரண்டாவதுதான் வீடு வரை கூடவே வந்தது.

பிறகு வாட்ஸப்பில் இந்த ஆர்வமுள்ளவர்களின் குழு ஒன்றில் சேர்ந்தேன். பூந்தமல்லியைத் தாண்டி, குத்தம்பாக்கம் பக்கம் ஒரு தனி வீட்டில் ஒருவர் தோட்ட ரயில் வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வரலாம் என்று அழைப்பு வந்தது. இரண்டு பஸ் மாறிப் போனேன். வாசலில் வரவேற்ற அந்த வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வண்டிய பார்க் பண்றாரா?" என்றார். நான் மட்டும்தான் வந்திருக்கிறேன் என்றேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆண்கள். எல்லோருக்கும் காபி வந்தது. அவர் மனைவி சமையலறையில் இருக்கிறார், அங்கே உட்காரலாமே என்று என்னிடம் சொன்னார்கள். நான் தோட்டத்திலேயே நின்றேன்.

ரயில் அழகாக இருந்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று சுற்றுக்கு ஒருமுறை ஒரே வளைவில் எஞ்சின் தடம் இறங்கியது. ஒவ்வொரு முறையும் அவர் தோட்டக்காரரைக் கூப்பிட்டு, தண்டவாளத்தை மிதித்துவிட்டாய் என்று எல்லோர் முன்னிலையிலும் திட்டினார். தோட்டக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மூன்றாவது முறை எனக்குப் பொறுக்கவில்லை. என் பையில் வெர்னியர் எப்போதும் இருக்கும். எஞ்சினைக் கவிழ்த்துப் பிடிக்கச் சொல்லி, ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உட்பக்க இடைவெளியை அளந்தேன். மற்ற அச்சுகளில் நாற்பது மில்லிமீட்டர், முன் அச்சில் முப்பத்தெட்டு. சக்கரம் அச்சில் நகர்ந்திருக்கிறது, தண்டவாளத்திலோ தோட்டக்காரரிடமோ தவறில்லை என்றேன்.

ரயிலின் சொந்தக்காரர் எஞ்சினை வாங்கிக்கொண்டார். பிறகு அவர் பேச்சை மாற்றி, நான் எவ்வளவு செலவு செய்ய உத்தேசித்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் மிகவும் அன்பாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "தப்பா நினைச்சிக்காதீங்க மேடம். இது கணக்குப் பாத்துப் பண்ற ஹாபி இல்ல. உங்களுக்கு எம்பிராய்டரி மாதிரி ஏதாவது ட்ரை பண்ணலாமே."

மூன்று நாள் கழித்துக் குழுவில் அவர் ஒரு செய்தி போட்டார். நீண்ட ஆராய்ச்சிக்குப் பிறகு தடம் இறங்குவதன் காரணத்தைத் தாம் கண்டுபிடித்ததாகவும், அனைவரும் சக்கர இடைவெளியை அளந்துகொள்ளுமாறும் எழுதியிருந்தார். பாராட்டும் கட்டை விரல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. "அளந்தது நான்" என்று எழுதினேன். சற்று நேரம் கழித்து, குழுவில் தனிப்பட்ட விஷயங்கள் வேண்டாம் என்று அட்மினிடமிருந்து செய்தி வந்தது. வெளியேறிவிட்டேன்.

ஆனால் அந்தப் பயணத்தில் ஒன்று புரிந்தது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எஞ்சினில் அவருக்கு அளக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததே அதுதான். மீதியை எஸ்டேட்டில் தேடிக்கொள்ளலாம்.

எங்கள் லேத்தில் வேலை செய்பவருக்கு என் வயதுதான் இருக்கும். கழிவு இரும்புத் துண்டுகளை எடுத்துக்கொள்ள மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, சக்கரத்தின் படத்தை அவர் முன்னால் வைத்தேன். இருபத்தாறு மில்லிமீட்டர் விட்டம், ஒரு பக்கம் விளிம்பு. ரயில் செய்யப் போகிறேன் என்றேன். அவர் சிரிப்பாரென்று காத்திருந்தேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சக்கரத்துக்குக் கொஞ்சம் சாய்வு வேணுமே மேடம், எவ்ளோ டிகிரி வெக்கட்டும்?" என்றார். ரயில் சக்கரம் தட்டையாக இருக்காது, லேசாகக் கூம்பியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். உருப்படியான கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

தண்டவாளத்துக்கு ஆவடியில் ஜன்னல் செய்பவரிடம் அலுமினியப் பட்டை மிச்சம் வாங்கினேன். மூன்று மில்லி தடிமன், பத்து மில்லி உயரம். நிறுத்தி வைத்தால் தண்டவாளம், கையாலேயே வளைக்கலாம். அதே கடையில் குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக் சட்டங்களைத் துண்டாக்கிக் குறுக்குக் கட்டைகள் செய்தேன். ஒவ்வொரு கட்டையிலும் நாற்பத்தைந்து மில்லி இடைவெளி விட்டு இரண்டு வெட்டு, அதில் பட்டையைச் செருக வேண்டும். பெட்டியின் உடம்புக்கு விளம்பரப் பலகை செய்யும் கடையில் கிடந்த தகடுத் துண்டுகள். தண்டவாளத்தில் மின்சாரம் விட்டால் வெயிலிலும் மழையிலும் தொல்லை என்பதால், செத்துப்போன லேப்டாப்பிலிருந்து உயிரோடு இருந்த பேட்டரிகளை எடுத்துப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். ரிமோட், உடைந்த பொம்மைக் காருடையது. புதிதாக வாங்கியது பல்சக்கரம் வைத்த சின்ன மோட்டார் ஒன்றும், பெயிண்டும்தான்.

முழு வட்டம் போட அவசரப்படவில்லை. முதலில் மூன்று மீட்டர் நேர்பாதை, அதில் உடம்பு இல்லாத ஒரு சட்டம், நான்கு அச்சு. கையால் தள்ளினேன். அது போய்க்கொண்டே இருந்தது. சமையலறைச் சுவர் இல்லையென்றால் இன்னும் போயிருக்கும். அதற்குப் பிறகு ஐந்து மாதம், மாலையில் சமையல் முடித்த கையோடு ரம்பத்தை எடுப்பேன். நானூற்றுச் சொச்சம் கட்டைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வெட்டு. என் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார். அவர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என் வேலை எந்நேரமும் சத்தம் என்பதும், அவருடைய டிவி சத்தமில்லை என்பதும் அவர் எண்ணம்.

எங்கள் குடியிருப்பு மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரை ஒட்டி இருபது மீட்டர் சுற்று வரும் என்று அளந்து வைத்திருந்தேன். சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். செயலாளர் தரைத்தளத்தில் இருக்கிறார், பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், அந்தப் பதவியிலிருந்து இன்னும் இறங்கவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு, "ஓரமா வெச்சுக்குங்க மேடம், இதுக்கெல்லாம் லெட்டர் எதுக்கு" என்றார். நான் சரியென்று வந்துவிட்டேன். கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே விடாதவள், வாய்வார்த்தையை நம்பி வந்தேன். இந்தக் கதையில் என்மேல் எனக்கிருக்கும் கோபம் இது ஒன்றுதான், ஆனால் அது சின்னதல்ல.

பொங்கல் விடுமுறையில் காலை வெயிலில் முதல் சுற்று ஓடியது. இரண்டு பெட்டி, பச்சையும் மஞ்சளும். சுவரின் நிழலிலிருந்து வெளியே வந்து வெயிலுக்குள் நுழைந்தபோது ஜன்னல்களின் நிழல் தரையில் ஓடியது. அதை நான் திட்டமிடவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் மறைந்து, மறுபக்கம் திரும்ப வரும்வரை மூச்சை விடவில்லை. வந்தது. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு சிமெண்ட் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மே மாதத்தில் ஒரு நாள் மாடி ஏறினால் பாதை பாம்பு போல நெளிந்து கிடந்தது. வெயிலில் அலுமினியம் நீளும் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தும், இணைப்புகளில் இடைவெளி விடாமல் நெருக்கிப் போட்டிருந்தேன். எல்லாவற்றையும் பிரித்து, இணைப்புக்கு இணைப்பு இரண்டு மில்லி விட்டு மறுபடி போட்டேன். அதற்கு ஒரு மாதம். இடைவெளி விட்டதும் இன்னொன்று கிடைத்தது. சக்கரம் ஒவ்வொரு இணைப்பையும் தாண்டும்போது தடக்கென்று ஒரு சத்தம். பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள், சில பெண்கள் துணி எடுக்க வந்த சாக்கில் நிற்பார்கள். ரயிலை மட்டும் ஓட்டி முடித்ததும் அட்டைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். பாதை மாடியிலேயே இருக்கும்.

அப்படி இரண்டு வருடம் ஓடியது.

ஒரு வியாழக்கிழமை காலை. வேலைக்குக் கிளம்பும்போது என் கணவர், "இன்னைக்கு அவசரப்பட்டு ஓடி வராத. மெதுவா வா. டிபன் நான் பாத்துக்கறேன்" என்றார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரயிலில் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அதை இப்போது நினைத்தாலும் முகம் சூடாகிறது.

மாலை வீட்டுக்கு வந்ததும், அவர் சமையலறையில் இருக்கும்போதே, அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். மாடி சுத்தமாக இருந்தது. பெருக்கிவிட்டிருந்தார்கள். சுவரை ஒட்டி, இரண்டு வருடமாக வெயில் படாத இடத்தில், சிமெண்ட் மட்டும் நிறம் மாறி ஒரு பட்டை போலச் சுற்றி வந்தது. நான் வேறு கட்டடத்தின் மாடிக்கு வந்துவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. செயலாளரின் கால் உடைந்த கட்டிலும், அவருடைய துருப்பிடித்த வெந்நீர் பாய்லரும் ஒரு மூலையில் அப்படியே இருந்தன.

கீழே வாட்ச்மேனிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "காலைலயே பழைய சாமான்காரன் வந்தாம்மா. செக்ரெட்டரிதான் இட்டாந்தாரு. அல்லாத்தையும் பிச்சி எட்த்துகினு போனான். உங்க ஊட்டு சாரும் மேலதாம்மா இருந்தாரு."

அவரை இரண்டாவது தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

வீட்டுக்குள் போகவில்லை. அட்டைப் பெட்டியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, பழைய சாமான் கடை எங்கே என்று கேட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் சேக்காட்டுக்குப் போனேன். காயலான் கடை மூடவில்லை. தராசுக்குப் பக்கத்தில் என் தண்டவாளம் கிடந்தது. எடுத்துவர வசதியாக எல்லாவற்றையும் நான்காக மடித்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். குறுக்குக் கட்டைகள் எங்கே என்று கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"பிளாஸ்டிக்கு நாங்க எட்க்கலக்கா. அங்கயே குப்ப வண்டில போட்டாங்க. இது வெறும் அலுமினியம், மூணு கிலோ சொச்சம் கீது."

மூன்று கிலோ சொச்சம். ஐந்து மாத மாலைகளும், வெயிலில் பிரித்துப் போட்ட ஒரு மாதமும், இரண்டு வருட ஓட்டமும் தராசில் அவ்வளவுதான் இருந்தன. இது என் பொருள், என்னைக் கேட்காமல் விற்றுவிட்டார்கள் என்றேன். அதற்கு அவர், "வித்தவங்கள கேளுக்கா. நான் காசு குட்த்து வாங்கிகீறேன். வாங்குன ரேட்டுக்கே குட்த்தா என் பொழப்பு இன்னா ஆவறது" என்றார். அவர் மேலும் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் கேட்டதைக் கொடுத்து, என் தண்டவாளத்தை நானே விலைக்கு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். முனை குத்துகிறது என்று பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார்.

வீட்டில் இட்லியும் சட்னியும் தயாராக இருந்தன. தட்டுகூட வைத்திருந்தார். மடித்துக் கட்டிய தண்டவாளத்தை அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பத்து நாளுக்கு முன்பே செயலாளர் அவரிடம் சொல்லியிருக்கிறார். மாடி பொது இடம், அந்தப் பாதை பார்க்க அசிங்கமாக இருக்கிறது, தண்ணீர்க் கசிவுக்கு வேலை செய்ய வேண்டும், எடுத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார். இவர் சரியென்று தலையாட்டியிருக்கிறார். பத்து நாள் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார். அந்தப் பத்து நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில் ரயில் விட்டபோது, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துமிருக்கிறார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"உங்கிட்ட சொன்னா கோவம் வரும். அதான் சொல்லல."

"இப்ப வரலையா?"

"ஒரு பொம்மைக்காகப் பதினோரு வீட்டோட பகைச்சிக்க முடியுமா? நாம இங்கதான் இருந்தாகணும்."

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். பார்த்தாயா, இதற்குத்தான் சொல்லவில்லை என்று முடித்திருப்பார். எனக்கு வராத கோபத்தை முன்கூட்டியே காரணமாக எடுத்துவைத்துக்கொண்டு என் பொருளை விற்றிருக்கிறார். வந்த பிறகு அந்தக் கோபத்துக்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இட்லியைத் தொடவில்லை. என் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனேன்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். வெர்னியர் போதாது என்று டேப்பையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அங்கே இருந்த ஒவ்வொரு பொருளையும் அளந்தேன். கால் உடைந்த கட்டில், நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, தரைத்தளம், செயலாளர். பாய்லர், துருப்பிடித்தது, மேற்படியார். பயன்படாத டிஷ் ஆண்டெனா நான்கு. மண் மட்டும் இருக்கும் பூந்தொட்டிகள். யாருடையதென்று தெரியாத சைக்கிள். என் பாதை சுவரிலிருந்து அடைத்திருந்த அகலத்தையும் கடைசி வரியில் எழுதினேன்: பன்னிரண்டு சென்டிமீட்டர். கம்பெனியில் நிராகரித்த பொருளுக்கு எழுதும் அறிக்கை எந்த முறையில் இருக்குமோ அதே முறையில், ஒவ்வொன்றுக்கும் எதிரே "அனுமதி உண்டா?" என்று ஒரு கட்டம் போட்டு, கையெழுத்திட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து, நான் குடியிருப்பின் ஒற்றுமையைக் கெடுப்பதாகச் சொன்னார். எந்த விதியின்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்காரரின் சம்மதம் வாங்கித்தான் எடுத்தோம் என்றார்.

"ரயில் அவருதா?" என்றேன். "நான் லெட்டர் குடுத்தப்ப என் பேர்லதான குடுத்தேன்? அன்னைக்கு ஏன் வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லல?"

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தன் செருப்பைப் பார்த்தார். மூன்றாவது மாடியில் இருக்கும் ஐடி கம்பெனிப் பெண் மட்டும், அறிக்கையில் இருக்கும் மற்ற பொருட்களை எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். அதற்கு நேரம் போதவில்லை என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள். அந்த வாரத்தில் ஆண்டெனாக்களும் பூந்தொட்டிகளும் போயின. அவற்றை எடுத்தவர்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். கட்டிலும் பாய்லரும் போகவில்லை, இன்று வரை இருக்கின்றன. நீர்க்கசிவு வேலையும் நடக்கவில்லை. மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மடித்த பட்டைகளைக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். லேத்காரர் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக் கல்லில் வைத்து, மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்த ஆரம்பித்தார். எதிர்ப்பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். மடித்த இடங்களில் சில விரிசல் விட்டிருந்தன. அவற்றை வெட்டி எறிந்தோம். எல்லாம் கழித்து, பதினான்கு மீட்டர் பாதைக்குத் தேறியது. கட்டைகளை மறுபடியும் வெட்ட வேண்டியிருந்தது. முந்நூறு, ஒவ்வொன்றிலும் இரண்டு வெட்டு. இந்த முறை கூடத்தில், டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்து வெட்டினேன்.

பாதையை வீட்டுக்குள் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கூடத்தில் ஆரம்பித்து, சோபாவுக்குப் பின்னால் போய், படுக்கையறைக் கதவின் அடியில் நுழைந்து, கட்டிலுக்குக் கீழே வளைந்து, திரும்ப அதே கதவு வழியாக வெளியே வருகிறது. கதவின் அடிப்பகுதியில் ரயிலின் அகலமும் உயரமும் அளந்து, மேலும் பக்கவாட்டிலும் பத்து மில்லி கூடுதலாக விட்டு, நானே இரண்டு வாசல் அறுத்தேன். என் கணவர் ரம்பத்தின் சத்தம் கேட்டு வந்து பார்த்தார். தேக்குக் கதவு என்று மட்டும் சொன்னார். தெரியும் என்றேன்.

ஒரு மாதம் கழித்து அவருடைய அண்ணனும் அண்ணியும் காரைக்குடியிலிருந்து வருவதாக இருந்தது. இரண்டு நாளைக்கு மட்டும் பாதையை எடுத்துவைக்கலாமா என்று கேட்டார். கேட்டார் என்பதைக் கவனித்தேன். முடியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. வந்தவர்கள் தாண்டித் தாண்டி நடந்தார்கள். அண்ணிக்கு முட்டிவலி, அவருக்காக ஒரு இடத்தில் மட்டும் மரப்பலகை வைத்து மேலே ஏறி இறங்க வழி செய்து கொடுத்தேன். ரயில் பலகைக்கு அடியில் போனது. அண்ணன் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, உன் பெண்டாட்டிக்கு என்னாயிற்று என்று கேட்டிருக்கிறார். இவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

செயலாளரைப் படிக்கட்டில் பார்த்தால் அவர் ஒதுங்கிக்கொள்கிறார். நான் ஒதுங்குவதில்லை. மாடியில் அந்த நிறம் மாறிய பட்டை மழையில் மங்கிவிட்டது. வீட்டுக்குள் பதினான்கு மீட்டரில் ரயிலுக்கு வேகம் எடுக்க இடம் போதவில்லை. வளைவு கொஞ்சம் கூர்மை, பெட்டியின் முனை கட்டில் காலை உரசுகிறது. வெயிலும் இல்லை. மாடியில் ஓடியது போல இது ஓடவில்லை, ஓடவும் ஓடாது. எல்லாம் நல்லதற்கே என்று யாராவது சொன்னால் அவர்களிடம் இதைச் சொல்வேன்.

போன மாதம் ஒரு மாலை, கூடத்தில் உட்கார்ந்து மூன்றாவது பெட்டிக்கு ஜன்னல் வெட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் பாதையைத் தாண்டி வந்து, டிவியைப் போடாமல், கொஞ்ச நேரம் நின்றார்.

"இன்னும் கோவம் போகலையா உனக்கு?" என்றார்.

"இல்ல" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் காபி போடப் போனார். நான் தகட்டைத் திருப்பி வைத்து, அடுத்த ஜன்னலுக்குக் கோடு போட்டேன். ஒரு பக்கத்துக்கே இன்னும் பதினோரு ஜன்னல் வெட்ட வேண்டியிருந்தது.